விலகினாரா, விலக்கினார்களா?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில், மலர்க் குழுவின் சார்பில் கொலன்னாவையில் ஆற்றிய உரை)



மலர்க் குழுவிலிருந்து யாராவது பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, கணக்கறிக்கை மாதிரி ஏதாவது வாசித்துவிட்டு இறங்கலாம் என்றுதான் இருந்தோம். எத்தனை விளம்பரம் சேர்ந்தது, எத்தனை பழைய படம் கிடைத்தது என்று. ஆனால் இத்தனை மாதமும் எங்களை அதிகம் அலைக்கழித்தது விளம்பரமும் அல்ல, படமும் அல்ல. ஒரேயொரு ஆங்கில வினைச்சொல். அதைப் பற்றியே பேசுகிறோம். குழுவில் இருவர் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள். ஆகவே கொஞ்சம் வகுப்பறை வாடை வீசும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல் 'வித்ட்ரோ'. பின்னுக்கு இழு, திரும்ப எடு, விலகு, ஒதுங்கு என்றெல்லாம் அகராதி சொல்லும்.

விடயம் இப்படித் தொடங்கியது. மலரில் பரீட்சையில் சித்தியடைந்தவர்களின் பெயர்கள் மட்டுமல்ல, இடையில் படிப்பை விட்டவர்களின் பெயர்களும் வரவேண்டும் என்று தீர்மானித்தோம். பழைய சேர்விடாப்புகளை எடுத்துத் தூசி தட்டினோம். முந்தியவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அழகான சாய்ந்த கையெழுத்து, ஊதா மை. கடைசி நிரலில், பெயருக்குப் பெயர் ஒரே சொல்: 'வித்ட்ரோன்'. காரணம் இல்லை. சில இடங்களில் மேலே எழுதியதே கீழேயும் என்பதற்கு இரண்டு சிறு கோடுகள் மட்டும்.

நாங்கள் அதை 'விலகினார்' என்று மொழிபெயர்த்துப் பட்டியலைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டோம். பிழை பார்க்க உதவுவார் என்று வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு மூத்த அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் பட்டியலில் அவருடைய பெயரும் இருந்தது. கண்ணாடியைப் போட்டு, கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் எங்கை பிள்ளையள் விலகினனான்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சொல்லை உட்கார்ந்து பார்த்தோம். முதலில் அதன் பிறப்பு. 'வித்' என்றால் 'உடன்' என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். அப்படியானால் 'வித்ட்ரோ' என்பது 'உடன் இழு' என்றல்லவா வரவேண்டும்? வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது; நாங்களும் ஒரு காலத்தில் கேட்டு, "பாடமாக்கு" என்ற பதிலைப் பெற்றவர்கள்தான். உண்மையில் பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்பதற்கு 'எதிராக' என்பதுதான் பொருள். 'உடன்' என்ற பொருள் பிறகு வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டது. பழையது சில மூலைகளில் இன்னும் இருக்கிறது. எதிர்த்து நில் என்பதற்கு 'வித்ஸ்டாண்ட்', கொடாமல் பிடித்து வை என்பதற்கு 'வித்ஹோல்ட்'. ஒருவரோடு சண்டை பிடிப்பதற்கும் ஆங்கிலத்தில் 'வித்' போடுகிறார்களே, அதுவும் அந்தப் பழைய 'எதிராக' தான். ஆக, 'வித்ட்ரோ' என்றால் வந்த திசைக்கு எதிராக, அதாவது பின்னுக்கு, இழு.

தமிழில் 'பின்வாங்கு' என்கிறோமே, அதன் கட்டும் இதுவேதான் என்று கண்டபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. இன்று 'வாங்கு' என்றால் கடையில் பாண் வாங்குவது. பழந்தமிழில் அதற்கு வளைத்தல், இழுத்தல் என்ற பொருளும் உண்டு. வில்லை வாங்குதல் என்றால் வில்லுக்குக் காசு கொடுப்பதல்ல, வளைத்து இழுப்பது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு 'கடல் உள்வாங்கியது' என்பதை நம் சிறு பிள்ளைகளும் சொல்லப் பழகினார்கள். அந்த 'வாங்கு' இதுதான். பின்னுக்கு இழு, பின் வாங்கு. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே மாதிரி வீடு கட்டியிருக்கின்றன.

ஆனால் அந்த வீடுகளில் குடியிருக்கும் குணம் வேறு. தமிழில் ஒருவரைப் 'பின்வாங்கினார்' என்றால் அதில் ஒரு வெட்கம் ஒட்டிக்கொள்கிறது. சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை, பயந்துவிட்டார் என்று. ஆங்கில 'வித்ட்ரோ' அப்படியல்ல. அது மரியாதையான சொல். ஆங்கிலேயரின் பெரிய வீடுகளில் இரவு விருந்து முடிந்ததும் பெண்கள் எழுந்து வேறோர் அறைக்குப் போவார்கள். அவர்கள் போய் ஒதுங்கும் அறைக்குப் பெயர் 'வித்ட்ரோயிங் ரூம்'. அது தேய்ந்துதான் 'ட்ரோயிங் ரூம்' ஆனது. படம் கீறும் அறை என்று நாங்கள் ஆறாம் வகுப்பில் நினைத்திருந்தோம். கறுவாத்தோட்டத்து வீடு ஒன்றில் அப்படி ஓர் அறையைப் பார்த்து, "இங்கை யார் படம் கீறுறது?" என்று கேட்டு அம்மாவிடம் நுள்ளு வாங்கியவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்.

இந்த மரியாதையினால்தான் படைகளுக்கும் அரசுகளுக்கும் இந்தச் சொல் பிடிக்கும். தோற்றுப் போனால் 'ரிட்ரீட்'. திட்டமிட்டுப் போனால் 'வித்ட்ரோவல்'. போர்க்காலத்தில் 'தந்திரோபாயப் பின்வாங்கல்' என்ற தொடரை இரண்டு பக்கச் செய்திகளிலும் வாசித்தோம். யாரும் 'ஓடினோம்' என்று எழுதியதில்லை. (கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தோழியருக்கு 'ரிட்ரீட்' என்றால் தியானம், மௌனமும் செபமுமாக இருக்கும் நாட்கள். அது தோல்வி அல்ல. சொற்கள் இப்படித்தான் ஆளுக்கு ஆள் வேடம் மாற்றும்.) இந்திய அமைதிப்படையின் கடைசி அணி 1990 மார்ச் 24ஆம் திகதி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. ஆங்கிலத்தில் அது 'வித்ட்ரோவல்'. தமிழில் சிலர் 'வாபஸ்' என்றார்கள், சிலர் 'வெளியேற்றம்' என்றார்கள். வாபஸ் என்றால் அனுப்பியவர் திரும்ப எடுத்துக்கொண்டார். வெளியேற்றம் என்றால் இருந்தவர்கள் போகச் சொன்னார்கள். எந்தச் சொல்லைப் போட்டார் என்பதிலிருந்தே எழுதியவர் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடலாம். 2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து அரசு 2008 ஜனவரியில் விலகியபோதும் பத்திரிகைகள் 'வித்ட்ரோ' என்றன. உடன்படிக்கையின் வாசகத்தில் இருந்ததோ முடிவுறுத்துதல் என்பதுதான். 14 நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் போதும். விலகினால் மற்றவர் பாடு என்னவென்று ஒரு கேள்வி மிஞ்சும். முடித்தால் கேள்வியே இல்லை.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் கொஞ்சம் பார்ப்போம். துவக்கு வெடித்ததும் பின்னுக்கு உதைக்கிறதே, அருவருப்பானதைக் கண்டு நாம் துள்ளிப் பின்னுக்குப் போகிறோமே, அதற்கு 'ரிகொய்ல்'. இதன் வேர் பிரெஞ்சு வழியாக இலத்தீனுக்குப் போனால், மனித உடலின் பின்பக்கத்தில், நாற்காலியில் படும் இடத்தில், போய் முடிகிறது. இதை எங்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை; கற்பித்திருந்தால் ஒருபோதும் மறந்திருக்க மாட்டோம். அடி விழப் போகிறது என்று கண் சிமிட்டி ஒடுங்குவது 'ஃப்லின்ச்'. வெள்ளம் வடிவது 'ரிசீட்'. இந்தக் கடைசிச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்ததை நீங்கள் அறிவீர்கள். நிவாரண வரிசையில் நின்றபோது, தண்ணீர் 'ரிசீட்' ஆகிறது என்று வானொலி சொன்னதாக ஒரு பிள்ளை வந்து சொல்ல, பின்னால் நின்ற அம்மா, "தண்ணிக்கும் துண்டு குடுக்கினமோ?" என்று கேட்டார். அந்த நாட்களில் சிரித்த ஒரே தடவை அதுதான்.

'வித்ட்ரோ'வுக்கும் வெறும் 'ட்ரோ பேக்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட நாங்கள் வகுப்பில் திருக்குறளைத்தான் பிடிப்போம். காலமறிதல் அதிகாரத்தில், 486ஆம் குறளில், ஊக்கமுள்ளவன் அடங்கியிருப்பதைச் சண்டைக் கடா பின்னுக்குப் போவதோடு ஒப்பிடுகிறார் வள்ளுவர். கடா பின்னுக்குப் போவது முட்டுவதற்கு. அது 'ட்ரோ பேக்'. 126ஆம் குறளில் ஆமை ஐந்தையும் அடக்குகிறது. பகவத் கீதையின் 2ஆம் அத்தியாயத்திலும் அதே ஆமை வருகிறது. அந்த இடத்தில் பல ஆங்கில மொழிபெயர்ப்புகள் போடும் சொல் 'வித்ட்ரோ'. கடாவைப் பார்த்தால் அடுத்தது என்ன என்று தெரியும். ஆமையைப் பார்த்தால் தெரியாது. எப்போது தலை நீட்டும் என்பது ஆமைக்குத்தான் தெரியும்.

இலக்கணப் பிழைகளை இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். 'வித்ட்ரோ பேக்' என்று சொல்லக் கூடாது. 'பேக்' ஏற்கனவே 'வித்'துக்குள் இருக்கிறது. இறந்தகாலம் 'வித்ட்ரூ'. 'வித்ட்ரோட்' என்று ஒரு சொல் கிடையாது, எத்தனை பேர் எழுதினாலும். வங்கியில் பணம் எடுப்பது, வேட்புமனுவைத் திரும்பப் பெறுவது, வழக்கைக் கைவாங்குவது, சபையில் சொன்ன சொல்லை மீளப்பெறுவது எல்லாவற்றுக்கும் இதே வினை. சொல்லை மீளப்பெறுவது என்பதில் மட்டும் தமிழர்களுக்கு நம்பிக்கை குறைவு. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

இனி எங்கள் சிக்கலுக்கு வருகிறோம். அந்த வினை தானாகவும் நடக்கும், மற்றவரைக் கொண்டும் நடக்கும். அவள் 'வித்ட்ரூ' என்றால் அவளாகப் போனாள். அவளை 'வித்ட்ரூ' என்றால் யாரோ அவளை எடுத்தார்கள். ஆனால் இடாப்பில் 'வித்ட்ரோன்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் கிடந்தால், யார் இழுத்தது என்பது மறைந்துவிடும். எழுதியவருக்கு அது வசதி. வீட்டாரைக் குறை சொல்லவும் வேண்டாம், நாட்டைக் குறை சொல்லவும் வேண்டாம்.

தமிழ் அந்த வசதியைத் தராது. விலகு, விலக்கு. ஒதுங்கு, ஒதுக்கு. ஒடுங்கு, ஒடுக்கு. அடங்கு, அடக்கு. நீங்கு, நீக்கு. தன்வினை, பிறவினை என்று பண்டிதர் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது எங்களுக்கு நித்திரை வந்தது. இப்போது பார்த்தால், நடுவில் நிற்கும் ஒரு மெய்யெழுத்து முழுக் கதையையும் சொல்கிறது. 'ங்' போட்டால் அவளாகச் செய்தாள். 'க்' போட்டால் அவளுக்குச் செய்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று தப்புவதற்கு இந்த இணைகளில் இடமே இல்லை.

அந்த அக்காவின் பெயருக்கு நேரே இருந்த திகதி 1958 ஜூன். பண்டா–செல்வா ஒப்பந்தம் 1957 ஜூலை 26இல் கைச்சாத்தானது. ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் பிக்குமார் வந்து அமர, 1958 ஏப்ரல் 9இல் பிரதமர் அதைக் கைவிட்டார். மே மாதக் கடைசியில் கலவரம். கொழும்புத் தமிழர் பலர் முகாம்களில் இருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அந்தப் பக்கத்தில்தான் இரண்டு சிறு கோடுகள் கீழே கீழே போகின்றன. அக்கா கப்பலில் போனவர். ஊரில் அவரைத் திரும்பப் பாடசாலைக்குச் சேர்க்கவில்லை. அவருக்கு நாங்கள் தன்வினை போட்டிருந்தோம்.

1983இல் இடாப்பு தமிழில் இருந்தது. அங்கே நிரலின் தலைப்பே 'விலகிய திகதி' என்று அச்சிட்டிருந்தது. அச்சடித்த தலைப்போடு யார் வாதாடுவது?

இன்னொரு கதையும் சொல்லவேண்டும். இது எங்கள் கையால் நடந்தது; ஆகவே ஒளிக்கக் கூடாது. 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி கொலன்னாவை எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டன. ஒருகொடவத்தையிலும் தாக்குதல். கரும்புகையைப் பார்க்க எங்கள் வீடுகளில் கதவு திறக்கவே தேவைப்படவில்லை. பிறகு தமிழர் வீடுகளில் சோதனை, விசாரணை. எங்கள் வகுப்பில் வாயாடியாக இருந்த ஒரு பிள்ளையின் தமையனைக் கூட்டிப் போய் வைத்திருந்து விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவில்லை. கேட்டால் மேசையைப் பார்த்தபடி இருப்பாள். மூன்றாம் தவணைத் தேர்ச்சி அறிக்கையில், ஆங்கிலப் பாடத்துக்கான கட்டத்தில், ஆசிரியை என்ற முறையில் நாங்கள் ஒரு சொல் எழுதினோம்: 'வித்ட்ரோன்'. தனக்குள் ஒடுங்கியிருக்கிறாள், கவனியுங்கள் என்ற கருத்தில். அது சரியான ஆங்கிலம்தான். நல்ல எண்ணம்தான்.

அடுத்த நாள் காலை தகப்பன் வாசலில் நின்றார். அறிக்கையை யாரோ ஒருவரிடம் கொடுத்து வாசிப்பித்திருக்கிறார். அவர் அந்தச் சொல்லைப் பார்த்து, "உங்கடை மகளைப் பள்ளிக்கூடத்தாலை எடுத்துப் போட்டினம்" என்று சொல்லிவிட்டார். தகப்பன் சத்தம் போடவில்லை. "அவள் என்ன பிழை செய்தவள், ரீச்சர்?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைப் பற்றிய குறிப்பு அது, விலக்கிய கடிதம் அல்ல என்று விளக்கினோம். தலையாட்டினார். நம்பினாரா என்பது வேறு. ஜனவரியில் அவள் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். இடாப்பில் 'விலகினார்' என்று பதிந்தவர்களும் நாங்கள்தான். தமிழ் தெரிந்துகொண்டே.

ஆகவே இந்த மலருக்கு நாங்கள் செய்தது இது. 'இடையில் விலகியோர்' என்ற தலைப்பை எடுத்துவிட்டோம். தொடர்பு கிடைத்த ஒவ்வொருவரிடமும், அல்லது அவர்களின் பிள்ளைகளிடமும், சகோதரங்களிடமும், ஒரே கேள்வியைக் கேட்டோம்: உங்கள் பெயருக்கு நேரே என்ன வினைச்சொல் போடட்டும்? சிலருக்குக் கேள்வியே விளங்கவில்லை. தொலைபேசியில் நாலு தரம் சொல்லவேண்டி வந்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் "கலியாணம் கட்டினேன், விரும்பித்தான் போனேன், விலகினேன் என்றே போடுங்கோ" என்றார். மாதம் ஒரு தரம் இரண்டு பஸ் ஏறி வந்து படித்தவர் ஒருவர், காசு இல்லாமல் "நிப்பாட்டினேன்" என்றார். நிப்பாட்டினார்களா என்று திருப்பிக் கேட்டோம், "இல்லை, நானேதான்" என்றார். அதையும் அப்படியே போட்டிருக்கிறோம். ஓரிருவர் எந்தச் சொல்லும் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்றார்கள். அவர்களுக்கு நேரே இடம் வெறுமையாக இருக்கும். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். தொடர்பே கிடைக்காதவர்களுக்கும் வெறுமைதான். இதனால் மலர் ஒரு மாதம் பிந்தியது. பொருளாளர் எங்களோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

வெள்ளவத்தை அக்கா "கப்பலேற்றினவை" என்று போடச் சொன்னார்.

1995ஆம் ஆண்டுப் பிள்ளை இப்போது கனடாவில். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாய். எங்கள் கடிதத்துக்கு மூன்று மாதம் பதில் இல்லை. பிறகு படிவத்தை நிரப்பி, கையெழுத்தில், படம் எடுத்து அனுப்பியிருந்தார். தேர்ச்சி அறிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. வினைச்சொல் கட்டத்தில் மட்டும் ஊர்த் தமிழில் எழுதியிருந்தார்: 'மறிச்சவை'. யார் மறித்தார்கள் என்று இல்லை. வீட்டாரா, காலமா, அந்த அறிக்கையா, நாங்களா.

அச்சகத்தில் அதைப் பிழை என்று எண்ணி 'மறித்தவை' என்று திருத்தி அனுப்பியிருந்தார்கள். சென்ற வியாழக்கிழமை நாங்கள் நேரில் போய், சிவப்புப் பேனாவால் 'மறிச்சவை' என்று திரும்ப எழுதிவிட்டு வந்தோம்.